கண்டறியும் அளவுக்குக் கீழே

ஐந்தாம் வகுப்பில், மழைக்கு விட்ட லீவில்
அம்மிக்கல்லின் உடைந்த துண்டை
நைலான் கயிற்றில் கட்டி
கெடிலத்தில் இறக்கினேன்.
கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தவர்
மிதந்து வந்து ஏறிய கரை எங்கள் ஊர்.
ஊர்ப் பலகையிலேயே எழுதியிருக்கும்:
கரையேறவிட்டகுப்பம்.
என் கல் மூழ்கியது.
கயிறும் இடதுகால் செருப்பும் கூடவே போயின.
அடி வாங்கியது செருப்புக்காக.
மற்றதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு கல்லூரியில்
நுரைக்கல் மிதக்கும் என்று படித்தேன்.
அதையும் குறித்து வைத்தேன்.
நியாயம் நியாயம்தானே.

இப்போது சிப்காட் பக்கம், வாடகைக் கட்டடத்தில்
தண்ணீர் சோதிக்கும் வேலை.
ஆயுத பூஜைக்குக் கலியபெருமாள்
பதினெட்டு லட்ச ரூபாய் மெஷினுக்குச்
சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவார்.
மறுநாள் ஸ்பிரிட் தொட்டு நான் துடைப்பேன்.
மூன்று வருடம் பொட்டோடு,
இரண்டு வருடம் பொட்டில்லாமல்
மெஷினின் பிழையைப் பதிந்து
வரைபடம் போட்டுக் காட்டினேன்.
ஒரே கோடு.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.
"பாத்தீங்களா மேடம்,
அஞ்சு வருஷமும் சாமி விட்டுக்குடுக்கல."

ஈச்சங்காட்டிலிருந்து அஞ்சலாட்சி
பச்சை பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள்.
அந்த பாட்டில் செல்லாது.
நானே போய் எடுத்து வந்தேன்.
மோந்தால் அழுகின முட்டைகோஸ்,
அடியில் கொஞ்சம் நகப்பாலிஷ்.
அவள் முழங்கை வரை தோல் செதில் செதிலாக.
அறிக்கையில் பதினாறு வரி.
பதினாறிலும் ஒரே சொல்: கண்டறியப்படவில்லை.

"அப்ப ஒண்ணும் இல்லையா?"
"இல்லன்னு அர்த்தமில்ல.
இந்த மெஷினுக்கு எட்டுற அளவுல இல்ல.
அதுக்குக் கீழ இருந்தா தெரியாது."
"இருக்கு, ஆனா தெரியாது."
"இருக்கலாம்."
பின்னால் கலியபெருமாள் பிப்பெட் கழுவிக்கொண்டிருந்தார்.
குழாய்ச் சத்தம் நின்றது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன்:
அரிப்புக்கு நம்பிக்கை தேவையில்லை,
நம்பாதவன் கையும் அரிக்கும்.
உங்கள் ஆளைப் பிடிக்கவும் ஒரு மெஷின் சொல்லுங்கள்,
கடன் வாங்கியாவது வாங்குகிறேன்,
ராத்திரி முழுக்க ஓட்டுகிறேன்,
வந்தால் வந்தது என்று கையெழுத்தும் போடுகிறேன்.
வீட்டுக்குப் போகும் வழியெல்லாம்
முழுசாகச் சொல்லி முடித்தேன்,
ஹெல்மெட்டுக்குள்.

மறுநாள் அவள் திரும்ப வந்தாள்.
ஒரிஜினல் வேண்டும், சீலோடு.
"கோர்ட்டுக்கா?"
"கோர்ட்டுல ஒம்போது வருஷமா கெடக்கு.
விருத்தாசலம் போறேன்.
கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்ட.
எழுதிக் கட்டணும். அவரு வந்து விசாரிக்க
கிலோமீட்டர் கணக்குல வழிப்படி வேற."
"இதுல ஒண்ணும் இல்லன்னுதானே போட்டிருக்கு?"
"அதான்.
இல்லன்னு எழுதிக் குடுத்தவங்க பேரோட
அவருக்குத் தெரியணும்ல."

பத்து வயதிலிருந்து
அவரிடம் நான் கேட்டுக்கொண்டிருந்த காகிதம்
அவருக்கே போகிறது,
என் கையெழுத்தில்.
சீலில் மை சரியாக விழவில்லை.
இன்னொரு முறை அழுத்தினேன்.

அன்றிரவு மிச்சத் தண்ணீரிலிருந்து
கரைப்பானில் இறக்கிச் சுருக்கி
மறுபடி ஏற்றினேன்.
பதினோராம் நிமிடத்தில்
அடிக்கோடு லேசாக முதுகு நிமிர்த்தியது.
இரைச்சலைவிட மூன்று மடங்கு எழுந்தால்தான் கணக்கு.
இது இரண்டரை.
மறுபடி, இரண்டு.
மறுபடி, இரண்டு புள்ளி எட்டு.

பூட்ட வந்த கலியபெருமாள்
சாவியோடு திரையின் முன்னால் நின்றார்.
"என்ன மேடம் அது?"
"தெரியல."
பாட்டிலை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.
அடியில் ஒரு விரற்கடை இருந்தது.